கண்ணாடி டம்ளர் எந்தப் பக்கம்?

பிப்ரவரி 4

பாப்பாவோட அம்மாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். நீயும் பாப்பாவும் எப்படி இருக்கீங்க? இதை அனுப்புறதுக்கு முன்னாடி பிரிச்சுப் படிக்கிற ஜெயில் ஐயாவுக்கும் ஒரு வணக்கம் சொல்லிக்கிறேன். அவரும் குடும்பஸ்தர்தானே, புருஷன் பொண்டாட்டி பேசிக்கிறது புரியும்.

ஜட்ஜு சொன்னது இன்னும் காதுலயே நிக்குது. ஒரு வருஷம் உள்ள. அது போக அந்த ஆளுக்கு நஷ்ட ஈடு. என் வருஷம் முடியறதுக்குள்ள அதைக் கட்டலைன்னா இன்னும் ஆறு மாசம் சேர்த்து. எதுக்கு? ஒரே ஒரு அடிக்கு. இரும்பு கேட் செஞ்சு குடுத்தவன்கிட்ட கூலியைக் குறைன்னு நின்னான். சரி, குறைச்சுக் கேட்டுட்டுப் போ. "உன் வெல்டிங்கு என் எச்சில்ல ஒட்டினது மாதிரி இருக்கு"ன்னு ஏன் சொல்லணும்? கையில குழாய் இருந்துச்சு, வீசிட்டேன். தாடை அப்படி நொறுங்கும்னு கனவா கண்டேன்? ரத்தமும் பல்லுமா பட்டறை வாசல்ல துப்பிக்கிட்டே உட்கார்ந்தான். பேச்சு மட்டும் நின்னுச்சு. அந்த வரைக்கும் நிம்மதி.

நடந்தது நடந்துபோச்சு. இப்ப பணம். நீ சலவைக் கூடத்துல வாங்குற சம்பளமும், பட்டறையை வாடகைக்கு விட்டதுல வர்றதும்தான் இருக்கு. வாயைக் கட்டி வயித்தைக் கட்டினாத்தான் முடியும். அதனால நான் சொல்றபடி செய். ஒரு நோட்டு வாங்கு. வேணாம், வாங்காத, அதுவும் செலவு. பட்டறை பில் புக்கோட பின்பக்கத்துல எழுது. நடுவுல ஒரு கோடு. இடது பக்கம் அவசியம், வலது பக்கம் தண்டம். கையை விட்டுப் போற ஒவ்வொரு காசும் ரெண்டுல ஒண்ணுல வந்தாகணும். ஒருதடவை தண்டம்னு எழுதிட்டா அடுத்த மாசம் அது நம்ம வீட்டுல இருக்கக் கூடாது. ஈவு இரக்கம் பார்க்காத. பாப்பா அழுதாலும் விடாத. நானே வந்து கேட்டாலும் விடாத.

மாசாமாசம் கணக்கு எனக்கு வரணும். உன்னை நம்பித்தான் இருக்கேன்.

இப்படிக்கு,
பாப்பாவோட அப்பா


மார்ச் 6

அன்புள்ள பாப்பா அப்பாவுக்கு,

நாங்க நல்லா இருக்கோம். உங்க உடம்பைப் பார்த்துக்கோங்க. தரையில படுத்தா உங்களுக்கு முதுகு பிடிச்சுக்கும், எதையாவது மடிச்சுப் போட்டுப் படுங்க.

நீங்க சொன்னபடி எழுத ஆரம்பிச்சுட்டேன். மொதல்ல வெளிய குடிக்கிற டீயை வெட்டினேன். அப்புறம் டிவிக்குக் கட்டுற மாசக் காசு. போறப்ப பஸ், வர்றப்ப நடை. வாரத்துக்கு ரெண்டு தடவை முட்டைன்னு இருந்ததை ஒரு தடவை ஆக்கினேன், அதையும் பாப்பாவுக்கு மட்டும். நான் பவுடர் போடுறதை நிறுத்திட்டேன். கூட இஸ்திரி போடுற அக்கா "என்னடி திடீர்னு கறுத்துப் போயிட்டே"ன்னு கேட்டா. கணக்கு எழுதுறேன் அக்கான்னேன். கணக்கு எழுதினா இப்படியா கறுத்துப்போவேன்னு சிரிச்சா.

ஒரே ஒரு இடத்துல சறுக்கிட்டேன், மறைக்க மனசு வரல. பாப்பா ஒரு கண்ணாடி டம்ளர் கேட்டா. கடை அலமாரியில இருந்தது, மேல ஒரு சிவப்புப் பூ போட்டது. "அம்மா, இதுல தண்ணி குடிச்சா தண்ணி தெரியும்மா"ன்னா. நம்ம வீட்டுல தண்ணி தெரியுற மாதிரி எதுவும் இல்லையே. தட்டு எவர்சில்வர், டம்ளர் எவர்சில்வர், மேசை நீங்க வெல்டு பண்ணின இரும்பு, அலமாரி இரும்பு. முகம் பார்க்கிறதுக்குக்கூட நீங்க தேய்ச்சுக் குடுத்த தகரத் தட்டுதான். அவளுக்கு மூணு வயசானதுல இருந்து அப்படித்தான். வாங்கிக் குடுத்துட்டேன்.

எந்தப் பக்கம் எழுதணும்னு தெரியல, கோட்டு மேலயே எழுதி வெச்சிருக்கேன். நீங்க சொல்லுங்க.

இப்படிக்கு உங்கள்,
பாப்பாவோட அம்மா


ஏப்ரல் 11

பாப்பா அம்மாவுக்கு,

கோட்டு மேல எழுதி வெச்சாளாம்! கணக்குல கோட்டு மேலன்னு ஒரு இடம் உண்டா? தண்டம். வலது பக்கம் எழுது. கடைக்காரன் திரும்ப வாங்கிக்கிட்டா குடுத்துடு. கண்ணாடி நம்ம வீட்டுக்கு ஆகாதுன்னு உனக்கே தெரியும். அன்னிக்கு அந்தத் தட்டு பாப்பா புருவத்துல பட்டப்ப, மறுநாளே வீட்டுல இருந்த கண்ணாடி பீங்கான் அத்தனையும் சாக்குல கட்டிக் கொண்டுபோய்க் கொட்டினது யாரு? நான்தான். இனி எம் பொண்ணு மேல கீறல் விழக் கூடாதுன்னு ராப்பகலா உட்கார்ந்து இரும்புல செஞ்சது யாரு? அந்த அக்கறை உனக்கு இல்லையே.

இங்க எம் பொழப்பு நாய்ப் பொழப்பா இருக்கு. நாற்பது பேருக்கு ஒரே ஒரு நல்ல வாளி, மத்ததெல்லாம் ஓட்டை. என் முறை வந்தப்ப ஒரு நெட்டையன் வாளியைப் பிடுங்கினான். அதே வாளியால மண்டையில ஒண்ணு போட்டேன். விழுந்தவன் எந்திரிக்கப் பார்த்தான். எந்திரிக்க விட்டா நாளைக்கு எவன் மதிப்பான்? அவன் காதைப் பிடிச்சு தலையைத் தொட்டி விளிம்புல ரெண்டு தட்டு தட்டினேன். தண்ணி பூரா செவசெவன்னு ஆயிடுச்சு, அன்னிக்கு எவனும் குளிக்கல. இப்ப எல்லாரும் எனக்கு வாளியை வெச்சுட்டுத் தள்ளி நிக்கிறானுங்க. ஆனா ஒரு மாசத்துக்கு என்னை வெளிய வெயில்ல விடுறதை நிறுத்திட்டாங்க. அடிச்ச அடியில அந்த நல்ல வாளியும் ஓட்டை ஆயிடுச்சு, அதுக்கும் காசு கட்டச் சொல்றாங்க.

அதோட, இங்க கேன்டீன்ல பீடி, பிஸ்கட், நல்ல சோப்பு கிடைக்குது. அதுக்கும் சேர்த்து மாசாமாசம் கொஞ்சம் அனுப்பு.

பாப்பா அப்பா


ஜூன் 2

பாப்பா அப்பாவுக்கு,

கடுதாசி வந்தது. டம்ளரைக் கடைக்காரர் திரும்ப வாங்கிக்க மாட்டேன்னுட்டார். வீட்டுலதான் இருக்கு.

வாளிக்கும் சோப்புக்கும் உண்டான காசு அனுப்பியிருக்கேன். பீடிக்கும் பிஸ்கட்டுக்கும் அனுப்பல. கோவிச்சுக்காதீங்க. நீங்க சொன்ன கோட்டை வெச்சுப் பார்த்தேன், ரெண்டும் வலது பக்கம்தான் விழுது. நானே கேட்டாலும் விடாதேன்னு நீங்கதானே எழுதினீங்க.

சந்தோஷமான சேதியும் இருக்கு. நஷ்ட ஈட்டுல பாதி சேர்ந்துடுச்சு. எனக்கே நம்ப முடியல. என்னடா இது, பட்டறை நடந்தப்ப மாசக் கடைசியில கை வறண்டு கிடப்போம், இப்ப வருமானம் குறைஞ்சும் எப்படி மிச்சம் ஆகுதுன்னு குழம்பினேன். முட்டையும் டீயும் நிறுத்தினா இவ்வளவா வந்துடும்?

போன வாரம் மர ஆசாரி வாசல்ல வந்து நின்னார். "என்னம்மா, எம் மேல ஏதாவது கோபமா? வேற ஆளை வெச்சுக்கிட்டீங்களா? வருஷத் தொடக்கத்துல இருந்து ஒரு வேலைகூட கூப்பிடலையே"ன்னார். நான் விளையாட்டா "வீட்டுல ஒண்ணுமே உடையல அண்ணே, என்ன பண்ணட்டும்?"னேன். அவர் சிரிக்கல. கொஞ்ச நேரம் கதவையே பார்த்துட்டுப் போயிட்டார். அந்தக் கதவுல கீழ்ப் பலகை அவர் போட்டது, மேல் பலகை அவர் போட்டது, நிலையும் அவர் போட்டது. பழைய கதவுல மிச்சம் இருக்கிறது கைப்பிடி மட்டும்தான்.

அன்னிக்கு உட்கார்ந்து, பழைய வருஷத்துக்கும் ஞாபகம் இருக்கிற வரைக்கும் எழுதிப் பார்த்தேன். ஆசாரிக்குக் குடுத்தது. நீங்க உதைச்ச ஃபேனுக்கு. போனுக்கு, மூணு போன். பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிளுக்கு. டிவிக்கு. எல்லாத்தையும் வலது பக்கம் எழுதிட்டேன், அதுல எனக்குச் சந்தேகம் இல்ல. ஒண்ணுதான் புரியல, நீங்க சொல்லுங்க. என் கை முறிஞ்சப்ப ஆஸ்பத்திரிக்குக் கட்டினோமே, அதை எந்தப் பக்கம் எழுதட்டும்?

இப்படிக்கு,
பாப்பாவோட அம்மா


ஜூன் 15

ஏய்,

என்னடி, புருஷன் உள்ள இருக்கான்னு குளிர் விட்டுப்போச்சா? எனக்கே பீடி தண்டமா? நான் இரும்பைக் காய்ச்சி சம்பாதிச்ச வீடு அது. நான் வாங்கின ஃபேனை நான் உதைப்பேன், நான் போட்ட கதவை நான் உடைப்பேன், அதை எழுதி வெச்சுக் கணக்குக் கேட்க நீ யாரு? கையைப் பத்தி எழுதுறியே, அன்னிக்கு நீ பேசின பேச்சு எங்க? அதையும் எழுதினியா? அந்த ஆசாரிக்கு என்ன அவ்வளவு அக்கறை? வெளிய வந்ததும் மொதல்ல அவன் வீட்டுக்குத்தான் போவேன். உளியை அவன் வாயிலயே ■■■■■■■■■■■

உன்னையும் ■■■■■■■■■■■■■■■■■■■■■■
■■■■■■■■■■■■■■■■■■■■■■■■■■■■
■■■■■■■■■■■■■■■ பாப்பா கண்ணு முன்னாடியே. நினைப்பு வெச்சுக்கோ.

அந்த டம்ளர் நான் வர்றப்ப வீட்டுல இருக்கக் கூடாது.


ஜூன் 23

என் செல்லம், பாப்பாவோட அம்மாவுக்கு,

போன கடுதாசியைக் கிழிச்சுப் போட்டுடு. ஐயா என்னைக் கூப்பிட்டுக் கண்டிச்சார். மூணு நாளா சோறு இறங்கல. கோபம் மூக்குக்கு மேல வந்துட்டா எனக்குக் கண்ணு மண்ணு தெரியாதுன்னு உனக்குத் தெரியாதா? மனசுல ஒண்ணும் வெச்சுக்கிட மாட்டேன், அடிச்ச கையாலயே எண்ணெய் தேய்ச்சு விடுறவனும் நான்தானே. உனக்குக் கட்டுப் போட்டிருந்தப்ப தலை வாரிவிட்டது யாரு? பாப்பாவுக்கு ஊட்டிவிட்டது யாரு? அதை எந்தப் பக்கம் எழுதுவே?

நீ கேட்டதுக்குப் பதில் சொல்றேன். ஆஸ்பத்திரிச் செலவு எப்பவும் அவசியம். இடது பக்கம். பீடியை விட்டுட்டேன். பாதிப் பணம் சேர்த்துட்டியே, இப்படி ஒரு பொண்டாட்டி இங்க எவனுக்கு இருக்கான்னு எல்லாருகிட்டயும் பீத்திக்கிட்டேன். மீதியையும் சேர்த்துடு, ஜனவரியில நான் அங்க நிப்பேன். அதுவரைக்கும் பல்லைக் கடிச்சுக்கோ.

உன்,
பாப்பா அப்பா


ஜனவரி 9

பாப்பா அப்பாவுக்கு,

இத்தனை மாசமா நலம் நலம்னு நாலு வரிதான் எழுதினேன். எழுத ஒண்ணும் இல்லாம இல்ல, சேர்த்து வெச்சுக்கிட்டு இருந்தேன்.

ஜூன்ல நீங்க அனுப்பின கடுதாசியில நாலு வரியில ஐயா மை பூசி அனுப்பியிருந்தார். பாவம், எதுக்கு வீணா மை. அந்த வரி எல்லாம் எனக்கு மனப்பாடம். தலையைச் சுவத்துல வெச்சு நசுக்குறது ஒண்ணு. அடுப்புல முகத்தை வைக்கிறது ஒண்ணு. எழுத்துல பார்க்கிறது மட்டும்தான் புதுசு.

நஷ்ட ஈடு முழுசையும் போன வாரம் கட்டிட்டேன். ரசீது உள்ள வெச்சிருக்கேன். ஆறு மாசம் கூட இருக்க வேண்டாம், சொன்ன தேதியில விட்டுடுவாங்க. கோர்ட்டுல கட்டிட்டு அந்த ஆள் வீட்டுக்கும் போனேன், மன்னிப்புக் கேட்கலாம்னு. கம்பி வெச்சு வாயைக் கட்டியிருந்தாங்களாம், இப்ப எடுத்தாச்சு, ஆனா ஒரு பக்கம் தாடை உள்ள போயிடுச்சு. கடிக்க முடியாது. எல்லாத்தையும் அரைச்சுக் குழாயால உறிஞ்சுறார். பேசுறப்ப ஓரத்துல ஒழுகுது, துண்டால துடைச்சுக்கிட்டே இருக்கார். அந்த வீட்டு அம்மா என்னை உள்ள விடாம வாசல்லயே நிக்க வெச்சு, வாய்க்கு வந்தபடி பேசினாங்க. பேசிக்கிட்டே இருந்தவங்க என் மணிக்கட்டைப் பார்த்தாங்க. கோணலா சேர்ந்த இடம் இருக்கில்ல, அது. "இதுவும் அந்தக் குழாய்தானா?"ன்னாங்க. இல்லம்மா, இது இரும்பு அலமாரிக் கதவுன்னேன். உடனே அவங்களே உள்ள கூப்பிட்டுத் தண்ணி குடுத்தாங்க.

நடந்து வர்றப்ப முழுக்க உங்க பதிலைத்தான் யோசிச்சேன். ஆஸ்பத்திரிச் செலவு அவசியம்னு எழுதினீங்க. சரி, கட்டு அவசியம்தான், நானும் ஒத்துக்கிறேன். அப்ப அடி? அது எந்தப் பக்கம்? அலமாரிக் கதவுக்கு நடுவுல என் கையை வெச்சு அழுத்துனீங்களே, சோத்துக்கு உப்பு குறைஞ்சதுக்கு, எலும்பு முறியுற சத்தம் எனக்கே கேட்டுச்சே, அது அவசியமா? விலா எலும்புல உதைச்சு, ஒரு மாசம் இருமினா உயிர் போயிட்டு வந்துச்சே, அது? எம் மேல குறி வெச்சு எறிஞ்ச தட்டு பாப்பா புருவத்துல போய்ச் சொருகி நின்னுச்சே. கண்ணுக்கு ஒரு விரல்கடை மேல. நான்தான் பிடுங்கினேன். தையல் போடுறவரைக்கும் அவ அழவே இல்ல, நீங்க சத்தம் போடுவீங்கன்னு. மறுநாள் கண்ணாடியை எல்லாம் சாக்குல கட்டினீங்க. நானும் என்ன நல்ல மனுஷன்னு நினைச்சேன், சத்தியமா நினைச்சேன். இப்ப இந்தப் பில் புக்கைப் புரட்டுறப்பத்தான் உறைக்குது. வெட்டவேண்டியதை விட்டுட்டு கண்ணாடியை வெட்டியிருக்கோம்.

உடையாத சாமானா வாங்கி வாங்கி, கடைசியில உடையறதுக்கு அந்த வீட்டுல நானும் எம் பொண்ணும்தான் மிச்சம் இருந்தோம்.

உங்க மேல எனக்கு ஆசையே இல்லன்னு சொன்னா பொய். நீங்க தலை வாரிவிட்டதும் எனக்கு மறக்கல. அதை எந்தப் பக்கம் எழுதுவேன்னு கேட்டீங்க. இடது பக்கம்தான் எழுதினேன். கூட்டிப் பார்த்தேன், ஈடு கட்டல.

பாப்பாவோட சிவப்புப் பூ டம்ளருக்கு வர்ற மாசம் ஒரு வயசு. ஒரு கீறல் இல்ல. ஒருதடவை அவ கை தவறிக் கீழ விழப் பார்த்துச்சு. பிடிச்சுட்டா. பிடிச்சவ என் முகத்தை நிமிர்ந்து பார்த்தா பாருங்க, அப்படியே ஒரு கையால தலையை மூடிக்கிட்டு, டம்ளரை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, மூலையில குந்திட்டா. நான் கை ஓங்கினதே இல்ல. ஆனாலும் மூடிக்கிட்டா. அன்னிக்குத்தான் முடிவு பண்ணினேன். டம்ளரை இடது பக்கம் எழுதிட்டேன். அவசியம்.

நஷ்ட ஈடு போக மிச்சம் இருந்ததுல ஒரு ரூமுக்கு முன்பணம் குடுத்திருக்கேன். எங்கன்னு சொல்ல மாட்டேன். வீட்டுச் சாவி ஆசாரிகிட்ட இருக்கு. அவர் நல்லவர், வாங்கிக்க மட்டும் போங்க, வேற எதுக்கும் போகாதீங்க. இரும்புச் சாமான் எல்லாம் அப்படியே இருக்கு, உங்களுது. பில் புக்கையும் மேசை மேல வெச்சிருக்கேன்.

தண்டம்னு எழுதிட்டா அடுத்த மாசம் அது வீட்டுல இருக்கக் கூடாது, நானே வந்து கேட்டாலும் விடாதேன்னு நீங்க எழுதினீங்க. நீங்க சொல்லி நான் மீறினதில்ல. இதையும் மீறல.

பாப்பாவோட அம்மா


பிப்ரவரி 12

பாப்பா அம்மாவுக்கு,

நீ எங்க இருக்கேன்னு தெரியாததால சலவைக் கூடத்து மேல்பார்வை அம்மா பேருக்கு அனுப்புறேன். அம்மா, தயவுசெஞ்சு இதை அவகிட்ட சேர்த்துடுங்க. நீங்க பிரிச்சுப் படிச்சாலும் பரவாயில்ல, எனக்குப் பழகிடுச்சு.

வெளிய வந்துட்டேன். ஆசாரிகிட்ட சாவி வாங்கினேன். அவர் பொண்டாட்டி பிள்ளைங்களை உள்ள தள்ளிட்டு, கையில சுத்தியலோடதான் கதவைத் திறந்தார். குடுங்கன்னேன், குடுத்தார்.

உள்ள போய் மேசை முன்னாடி உட்கார்ந்து பில் புக்கைப் படிச்சேன். பாதியிலயே தலைக்கு ஏறிடுச்சு. பொய் சொல்ல மாட்டேன், உன்னைக் கையில கிடைச்சா கொன்னுடணும்னுதான் இருந்துச்சு. மேசையைத் தூக்கிச் சுவத்துல அடிச்சேன், ஒண்ணும் ஆகல, நான் போட்ட வெல்டிங்கு. அலமாரியை உதைச்சேன், கால்தான் வீங்குச்சு. எவர்சில்வர் தட்டு எல்லாத்தையும் எறிஞ்சேன், தடதடன்னு உருண்டு ஓடி நின்னுச்சு. வீட்டுல உடையறதுக்கு ஒண்ணும் இல்ல. ஒருத்தரும் இல்ல. கத்திக்கிட்டே கதவுல ஓங்கிக் குத்தினேன். மேல் பலகை பிளந்துச்சு, கூடவே என் கை முட்டியும். ரத்தம் முழங்கை வரைக்கும் வழிஞ்சுச்சு. துடைச்சுவிட ஆள் இல்லாததால தானா காயுற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் ஆசாரியைக் கூப்பிட்டேன். வாசல்ல நின்னு ரொம்ப நேரம் யோசிச்சுட்டுத்தான் உள்ள வந்தார். பலகை மாத்திட்டுக் காசு கேட்டார். ஜெயில்ல வேலை செஞ்சதுக்குக் குடுத்ததுல இருந்து எடுத்துக் குடுத்தேன். அவர் போனதும் பில் புக்கைத் திறந்து, உன் கையெழுத்துக்குக் கீழ என் கையெழுத்துல எழுதினேன். கதவு. அப்புறம் கைக்குக் கட்டுப் போட்டது. கட்டுச் செலவை இடது பக்கம் எழுதினேன், கதவை வலது பக்கம் எழுதினேன்.

நீ எங்க இருக்கேன்னு கேட்க மாட்டேன். வான்னும் சொல்ல மாட்டேன், சொன்னாலும் நீ வரக் கூடாது. ஒண்ணே ஒண்ணு மட்டும் நாலு வார்த்தையில எழுதிப் போட்டா போதும். அதுவும் முடியலைன்னா விட்டுடு.

பாப்பாவோட டம்ளர் இன்னும் உடையாமத்தானே இருக்கு?

பாப்பா அப்பா